பற்றரிக்கு வந்த வாழ்வு

ஒரு பொருளின் மதிப்பு காலத்துக்குக் காலம் மாறும். இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது தத்துவ நூலன்று, சாதாரணப் பற்றரிதான்.

1990களில் வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. மின்சாரமும் இல்லை. செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவின் உதவியால் வானொலி பேசும். ஓய்ந்துபோன டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து, இன்னும் ஒருநாள் உழைக்கச் செய்வோம். அதுவும் முடிந்தபின் உடைத்து, உள்ளிருக்கும் கரிக்குச்சியால் சுவரில் எழுதுவோம். பொன்னைப்போலப் பேணிய பொருள் அது!

இன்று கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் பற்றரி உண்டு. வாங்குவது எளிதாயிற்று, எறிவதும் எளிதாயிற்று.

சென்ற மாரிக்கு முன்னர் என் மோட்டார் சைக்கிளின் பற்றரி செத்தது. படலையடிக்கு வந்த பழைய இரும்பு வியாபாரியிடம் அதைக் கொடுத்தேன். அவர் தந்த காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வளவு சுத்தமாயிற்று என்று மகிழ்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஒழுங்கையின் கோடியில் இருந்த அவர் வீட்டைக் கடந்து சென்றேன். கிணற்றடிக்கு அருகே நாலைந்து பற்றரிகள் உடைந்து கிடந்தன. அமிலம் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் ஈயத் தகடுகளை வெறுங்கையால் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“இது நஞ்சல்லவா?” என்றேன்.

“ஈயத்துக்குத்தானே சேர் விலை. தண்ணியை ஊத்திப்போட்டுக் கொண்டு போனால் பாரமில்லை” என்றார் அவர்.

அவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. உடைந்தவற்றுள் ஒன்று என்னுடையதல்லவா? சிறுவனைச் சவர்க்காரமிட்டுக் கை கழுவச் செய்தோம். மண்ணை எதனால் கழுவுவது?

சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ், 2008 பெப்ரவரியில் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. ஆபத்தான கழிவுகளைச் சேகரிப்போரும், ஏற்றிச் செல்வோரும், களஞ்சியப்படுத்துவோரும், மீள்சுழற்சி செய்வோரும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்பது விதி. ஈயம் மீண்டும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தத்தக்க உலோகம். முறையான ஆலையில் நடந்தால் அது தொழில். முற்றத்தில் நடந்தால் அது நஞ்சூட்டல்.

செனகல் நாட்டில், டாக்கார் நகரையடுத்த தியாரோய் என்னும் இடத்தில், பற்றரி ஈயம் கலந்த மண்ணை ஏழைகள் சலித்து விற்றனர். 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் மாண்டனர். உட்கொண்ட ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது முதலில் தாக்குவது மூளையை. வகுப்பில் ‘மந்தம்’ என்று நாம் பெயர் சூட்டும் பிள்ளைகளுள் யாருடைய முற்றத்தில் என்ன உருகியதோ என்ற எண்ணம் அன்றுமுதல் என்னை விட்டபாடில்லை.

அண்டை நாடான இந்தியாவில், பற்றரி விற்பவரே பழையதைத் திரும்பப் பெறவேண்டும் என்று 2001இல் விதி செய்தார்கள். 2022இல் வந்த புதிய விதிகள் அப்பொறுப்பை உற்பத்தியாளர்மீது ஏற்றின. எறிபவனுக்கு நல்வழி அருகில் இருந்தால்தான் சட்டம் உயிர்பெறும் என்பதே அதன் கருத்து.

அவ்வழி வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பழைய பற்றரியை உடைக்காமல், அமிலத்தை ஊற்றாமல், நிமிர்த்தியபடியே புதியது வாங்கும் கடைக்குக் கொண்டு செல்வோம். அது எங்கே போகிறது என்றும் கேட்போம். கடைக்காரர் விலையிலும் சிறிது கழிக்கக்கூடும். படலையடியில் கிடைப்பதைவிட அது குறைவாயினும் நட்டமில்லை.

வர்த்தமானி எங்கள் ஒழுங்கைக்குள் வருவதில்லை. ஆனால் நாங்கள் குடிக்கும் தண்ணீர் அந்த ஒழுங்கையின் கிணற்றிலிருந்துதான் வருகிறது.