அன்னபேதியும் ஆம்பூர்த் தோலும்

நீர்த்த கந்தகத் திராவகத்தில் துத்தநாகத் துண்டு ஒன்றைப் போட்டால் நுரை பொங்கி ஜலவாயு கிளம்பும். உலோகம் கரைந்து உப்பாகிவிடும். இரும்பின் கதியும் அதுவே. தாமிரம் மட்டும் அசையாமல் கிடக்கும். இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தவர்கள் வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் சாலைகளுக்குச் சென்றால் மீண்டும் கற்கலாம்.

ஆம்பூரில் நாம் பார்த்த சாலையில் பெரிய மரப் பீப்பாய்கள் உருண்டுகொண்டிருந்தன. "இரும்பிலே செய்தால் அதிக நாள் உழைக்காதா?" என்று மேஸ்திரியைக் கேட்டோம். "திராவகம் இரும்பைத் தின்றுவிடும், ஐயா! பட்டைச் சாற்றிலே இரும்பு கலந்தால் தோலும் கறுத்துப் போகும்" என்றார்.

உண்மைதான். கந்தகத் திராவகத்தில் இரும்பு கரைந்து உண்டாகும் உப்புக்குத்தான் அன்னபேதி என்று பெயர். அதைக் கடுக்காய்ச் சாற்றில் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்கள். ஆவாரம் பட்டையிலும் அதே துவர்ப்புச் சத்து இருக்கிறது.

தோலைக் கறுக்கச் செய்வது இரும்பு, காப்பது குரோமியம். 1884-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமியத்தால் பதனிடும் முறைக்கு உரிமை பெற்றார். இன்றைய முறையில், தோலை முதலில் உப்பும் கந்தகத் திராவகமும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். புளிப்பு மிகுந்திருக்கும்வரை குரோமிய உப்பு கரைந்த நிலையிலேயே தோலின் உள்ளே புகும். பின்னர்ச் சோடா உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் புளிப்பைக் குறைத்தால், உலோகம் தோலின் நாரை இறுகப் பற்றிக்கொள்ளும். பட்டை முறையில் வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது.

பற்றாமல் மிஞ்சிய குரோமியம் எங்கே போகும்? பல்லாண்டுகள் பாலாற்றுக்குத்தான் போயிற்று. கிணறுகள் கெட்டன, வயல்கள் பாழாயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவர்களே ஈடு செய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பரிகாரமும் அதே ரஸாயனத்தில் இருக்கிறது. கழிவு நீரில் மக்னீசியாவைச் சேர்த்துப் புளிப்பைப் போக்கினால் குரோமியம் வண்டலாகப் படியும். அதைக் கந்தகத் திராவகத்தில் கரைத்தால் மறுபடியும் தோலுக்கே பயன்படும். ஆனால் சாதாரண உப்பு இப்படிப் படிவதில்லை. அதைப் பிரிக்கத் தனி யந்திரமும் தனிச் செலவும் வேண்டும்.

தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. தேசத்துக்குச் செல்வம் சேர்க்கிறது. அது வாழட்டும். ஆனால் ஒரு ஜோடி செருப்பின் விலையைக் கணக்கிடும்போது, ஆற்றங்கரைக் குடியானவனின் கிணற்றையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்பதே நம் கோரிக்கை.