இன்வெர்ட்டர் யார் வாங்குவது?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது 2020 ஊரடங்கில் வந்த புதுமை என்று மதுரையில் சொன்னால் சிரிப்பார்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை தலைமுறை தலைமுறையாக வீடுகளில்தான் நடந்தது. துணி வீடு தேடி வரும். பெண்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். சாயம் வேறிடத்தில் ஏறும். 2005இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுப் போட்டவருக்குக் கிடைத்தது கூலி மட்டும். இடம், வெளிச்சம், கண்வலி எல்லாம் அவர் பாடு. வீட்டிலிருந்து உழைப்பவருக்கும் மற்றத் தொழிலாளருக்குச் சமமான நடத்தை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை.

செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் சின்னக் குழு ஒன்றை நடத்துகிறேன். நான் இருப்பது நாகமலைப் புதுக்கோட்டை. மற்றவர்கள் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என்று ஆளுக்கொரு பக்கம். குழுவின் பண்பாடு பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் பேசுவது சுங்குடிக் கணக்கைத்தான்: அலுவலகம் வீட்டுக்குள் வந்தால் அதன் செலவும் சங்கடமும் யார் தலையில் விழுகிறது?

செலவைத் தீர்ப்பது எளிது. இன்டர்நெட் கட்டணம், இன்வெர்ட்டர், முதுகு நோகாத நாற்காலி மூன்றும் குழுவின் கணக்கில். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணை மின்நிலையத்தில் என்று மின்தடை என்பது முன்னதாகவே செய்தித்தாளில் வந்துவிடும். அதைப் பொது நாட்காட்டியில் ஏற்றிவிடுவோம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் எதையும் முடித்துத் தருவதாக வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்வதில்லை. பெங்களூர் வாடிக்கையாளர்களுக்கு இது முதலில் விளங்காது. ஒருமுறை சித்திரைத் திருவிழாவுக்கு அழைத்து வந்தால் விளங்கிவிடும்.

சங்கடம் அப்படித் தீராது. கூட்டுக்குடும்பத்தில் இருக்கும் பெண் லேப்டாப்போடு உட்கார்ந்தால் "வீட்லதான இருக்கா" என்பார்கள். கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பதும், வந்தவர்களுக்குக் காபி போடுவதும் அவள் தலையில்தான். நேர மேலாண்மைப் பயிற்சி கொடுத்தால் அவளைத்தான் குற்றம் சொன்னதாகும். திருமங்கலத்துப் பெண்ணுக்கு ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தோம். வீட்டைவிட்டு வெளியே வேலைக்குப் போகிறாள் என்றதும் மாமியாரே சாப்பாடு கட்டிக் கொடுக்கத் தொடங்கினார்.

வடிவமைப்புக் குழுவின் உடல்நலம் தெரியும் இடம், ஒருவர் செய்ததை மற்றவர்கள் விமர்சிக்கும் நேரம். 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா என்னும் வடிவமைப்பு மென்பொருளில் ஒரே கோப்பில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரும் பெயர் போட்ட அம்புக்குறியாகத் திரையில் நகர்வார்கள். நல்ல வசதி. ஆனால் என் பெயர் போட்ட அம்பு நுழைந்த மறுநொடி, புதிதாகச் சேர்ந்த பையனின் அம்பு அப்படியே உறைந்துவிடும். அதனால் கூப்பிடாமல் யார் கோப்புக்குள்ளும் போவதில்லை என்று வைத்திருக்கிறேன். வரைவு அவரவர் சொந்த இடத்தில் கிடக்கலாம். காட்டலாம் என்று தோன்றும்போது பொதுக்கோப்புக்கு வந்தால் போதும். மவுஸ் அசைகிறதா என்று எண்ணும் கண்காணிப்பு மென்பொருள் வாங்கும் முதலாளிகளைப் பற்றி இங்கே பேச விருப்பமில்லை.

காட்டும்போது செய்தவர்தான் முதலில் பேசுவார்: யாருக்கான திரை, எந்தச் சிக்கலுக்கு, எது இன்னும் உதைக்கிறது. பிறகு மற்றவர்கள். "நல்லாயில்ல" என்று மட்டும் சொன்னால் கணக்கில் வராது. எந்தப் பயனாளி எங்கே தடுக்கி விழுவார் என்று சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்து டீ குடித்தபடி "ஏன் இப்படி?" என்றால் அது கேள்வி. அதையே திரையில் எழுதினால் ஏச்சு. எனவே குறையை போனில் பேசுவோம், பாராட்டை எல்லோரும் பார்க்க எழுதுவோம்.

பேச்சு தமிழில். ஆங்கிலத்தில் நடந்த கூட்டங்களில் உசிலம்பட்டிப் பையனிடமிருந்து வந்த ஒரே பதில் "ஓகே சார்". தமிழுக்கு மாறியதும், "அண்ணே, பட்டனை மேல வச்சா பெருவிரல் எட்டாதுண்ணே, பஸ்ல ஒத்தக் கையிலதான போனப் பிடிப்பாங்க" என்று அதே பையன் என்னைத் திருத்துகிறான். சார் அண்ணனானதும் கூடவே நடந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆட்கள் ஊர் ஊராகச் சிதறி இருப்பதில் தொழிலுக்கே ஒரு லாபம் உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன. மேலூர்த் தோழியின் அம்மா வாசலில், உச்சி வெயிலில், கீறல் விழுந்த மலிவு போனில் எங்கள் திரையைத் திறந்தார். விதியை ஒட்டிப் பாஸான சாம்பல் எழுத்து அவர் கண்ணுக்குப் படவே இல்லை. குளிர்சாதன அறையில் கூடி உட்கார்ந்திருந்தால் அந்த வெயில் எங்களுக்கு எங்கே கிடைத்திருக்கும்?

அப்படியிருந்தும் சின்ன ஊர்க்காரருக்குச் சின்னச் சம்பளம் என்பது பல நிறுவனங்களின் வழக்கம். அலுவலகமே இல்லாமல் இயங்கும் கிட்லேப், ஊரைப் பொறுத்துச் சம்பளம் கணக்கிடுவதை வெளிப்படையாகவே சொல்கிறது. தொலைவேலை பற்றி 2013இல் நூல் எழுதியவர்களின் 37சிக்னல்ஸ் (இடையில் பேஸ்கேம்ப் என்ற பெயரில் இருந்த நிறுவனம்), எங்கிருந்தாலும் ஒரே பதவிக்கு ஒரே சம்பளம் என்கிறது. நான் 37சிக்னல்ஸ் பக்கம். உசிலம்பட்டியில் வரைந்த திரைக்கு வாடிக்கையாளர் குறைத்துத் தருவதில்லையே.

மதுரைப் பக்கம் ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பணி நியமனக் கடிதத்தில் சம்பளத்துக்குக் கீழே இன்டர்நெட், இன்வெர்ட்டர், நாற்காலி மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால், சிக்கனம் என்று வரும்போது முதலில் கழிவது அவைதான்.