மன்னார்ச் சிப்பியும் ஜப்பான் அளவுகோலும்

மன்னார் வளைகுடாவில் மணப்பாட்டிலிருந்து வடக்கே கீழக்கரை வரை கடலடிப் பார்களில் ஒட்டி வளரும் முத்துச் சிப்பியும், ஜப்பானியர் 'அக்கோயா' என்று வளர்க்கும் சிப்பியும் நெருங்கிய சொந்தம். ஒரே இனமா, கிளை இனங்களா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பாரசீக வளைகுடாச் சிப்பியையும் சிலர் இந்தக் கூட்டத்திலேயே சேர்ப்பார்கள். ஆனால் அக்கோயா முத்து உலகச் சந்தையை ஆண்டது. இங்கோ 1961-ல் நடந்த சலாபத்தோடு, அதாவது அந்த முத்துக்குளிப்புப் பருவத்தோடு, முத்தெடுப்பு ஓய்ந்தது. 'நம்ம சிப்பி மட்டம்' என்று கைகழுவுவது எளிது. சிப்பியைக் குறை சொல்வது தப்பு, அளந்த கோல்தான் கோணல் என்பது என் கட்சி.

வளர்ப்பு நடக்கும் விதத்தைப் பாருங்கள். சிப்பியின் வாயை ஆப்பு வைத்து இலேசாகத் திறந்து, இனப்பெருக்க உறுப்பில் கீறல் போட்டு, நன்னீர்ச் சிப்பி ஓட்டில் கடைந்த மணியைச் செருகுவார்கள். அதை ஒட்டினாற்போல, இன்னொரு சிப்பியின் மேலுறையில் வெட்டிய இரண்டு மூன்று மில்லிமீட்டர்ச் சதுரத் துண்டு. அது பையாக வளர்ந்து மணியைச் சுற்றிப் பூச்சை அடுக்கும். முத்தின் நிறம் பெரிதும் அந்தத் துண்டு தந்த சிப்பியைப் பொறுத்தது. 1973-லேயே தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி இந்த வழியில் உருண்டை முத்தை எடுத்துக் காட்டிவிட்டார். ஆக, கைத்திறனில் குறையில்லை.

'நம் சிப்பி சிறிசு, பெரிய மணியைத் தாங்காது' என்பார்கள். உண்மைதான். ஆனால் சிப்பியைச் சீக்கிரம் முதிரவைத்துச் சிறிசாகவே நிறுத்தும் அதே வெதுவெதுப்பான கடல் பூச்சையும் வேகமாகப் படியவைக்கிறது. சிறு மணியென்றால் சில மாதங்களில் அறுவடை. ஜப்பானில் நீர் குளிரும்போது பூச்சு மெல்லிய அடுக்குகளாகப் படிந்து பளபளப்பு கூடும்; அதனால்தான் அங்கே குளிர்காலத்தில் முத்தெடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு இங்கே அப்படியே வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், ஜப்பானின் அகோ விரிகுடா மாதிரி நிலம் அணைத்த குடா நமக்கு இல்லை. நம் பார்கள் கரைவிட்டுப் பல கிலோமீட்டர் தள்ளித் திறந்த கடலில் கிடக்கின்றன. காற்றுக்காலத்தில் மிதவை நிற்பதே பாடு. இதற்குச் சிப்பி என்ன செய்யும்?

வெளியிலிருந்து பெரிய சிப்பியை இறக்கி நம் சிப்பியோடு கலந்தால் என்ன? 1990-களில் சிப்பிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது ஜப்பானியரே சீனச் சிப்பியோடு கலப்புச் செய்தார்கள். அது பண்ணைக்காரர்களின் நிர்ப்பந்தம். இங்கே பாரில் இருப்பது தானாக வளரும் சிப்பி. முட்டையும் விந்தும் கடல்நீரிலேயே கலப்பதால், வேற்றுக் கடல் வித்து ஒருமுறை நுழைந்தால் பிரித்தெடுக்க வழியில்லை. கலப்புக்குத் தேவையும் இல்லை: 1981-லேயே தூத்துக்குடிப் பொரிப்பகத்தில் நம் சிப்பியின் குஞ்சுகளையே வளர்த்தெடுத்தார்கள். அப்படிப் பிறப்பவற்றில் நன்றாக வளர்வதையும் நல்ல நிறம் தருவதையும் தலைமுறைதோறும் பொறுக்கி வரலாம். விளைவது சிறு முத்துதான். மூக்குத்திக்கும் தோட்டுக்கும் பெரிய முத்தை யார் கேட்டார்கள்?