ஆறாவது அட்டை

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்று விலக்கான இரண்டாம் நாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மாத்திரை, ஐந்து நாளைக்கு. பத்து மாத்திரை உள்ள ஓர் அட்டை ஒரு மாதத்துக்குச் சரியாகப் போய்விடும். இது ஆறாவது அட்டை.

லெட்ரசோல் என்று எழுதிய சீட்டை முதல் தடவை நீட்டியபோது எங்கள் தெரு மெடிக்கல் கடை அண்ணன் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு மிஸ்? அம்மாவுக்கா?" என்று கேட்டார். அடிப்படையில் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து அது. எனக்குத்தான் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "அதுக்கு இல்லண்ணே, குழந்தைக்கு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. கடையில் இன்னும் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சிகிச்சைக்குப் போகும் மதுரையிலேயே வாங்கி வந்துவிடுகிறேன். 2011-ல் நம் அரசாங்கமே இதைக் கருத்தரிப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தது. பின்னால்தான் தடை விலகியது.

டாக்டர் விளக்கியபோது எனக்கு உடனே பிடிபட்டது. நான் பாடம் எடுப்பதும் உயிரியல்தானே. ஐந்து நாளைக்கு ஈஸ்ட்ரோஜனைக் குறைத்துக் காட்டினால், போதவில்லை என்று நினைத்து மூளை தூண்டும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும். சினைப்பையில் தூங்கிக்கொண்டிருக்கும் முட்டைகளில் ஒன்று எழுந்து வளரும். எனக்கு இருப்பது பிசிஓஎஸ். முட்டைக்குப் பஞ்சமில்லை, ஒன்றும் முதிர்வதில்லை என்பதுதான் குறை.

இதற்கு முன் போன ஆஸ்பத்திரியில் குளோமிஃபின் கொடுத்தார்கள், பதினோரு மாதம். பொதுவாக ஆறு மாதத்தோடு நிறுத்த வேண்டிய மருந்து அது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முட்டை வளர்கிறதா என்று ஒரு தடவைகூட ஸ்கேன் வைத்துப் பார்க்கவில்லை. என் கணவருக்கு ஒரு பரிசோதனைகூட எழுதித் தரவில்லை. முப்பத்திரண்டு வயதில் பதினோரு மாதம் அப்படிப் போனது. இதை எழுதும்போது பேனா தானாக அழுந்துகிறது.

ஜனவரி 13, திங்கள், போகி

பத்தாம் நாள் ஸ்கேன். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் டோக்கன் வாங்கிவிட்டேன். வலது பக்கம் 14 மில்லிமீட்டரில் ஒன்று, இடது பக்கம் 11-ல் ஒன்று. கர்ப்பப்பை உள்சுவர் 7. நாளை மறுநாள் திரும்ப வர வேண்டும்.

அந்தப் பெஞ்சில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, ஃபைலைத்தான் பார்ப்போம். தடித்த ஃபைல் என்றால் வருஷம் கூட என்று அர்த்தம். இன்று என் பக்கத்தில் உசிலம்பட்டிக்காரப் பெண் ஒருத்தி, என்னைவிட இளையவள், என்னுடையதைப்போல இரண்டு மடங்கு ஃபைல். ஐவிஎஃப் ஒரு தடவை செய்து நிற்கவில்லையாம். மறுபடி வந்திருக்கிறாள். "வருத்தமா இல்லையா" என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவள் கோபப்படவில்லை. "நகை போச்சுக்கா. ஆனா என்ன ஆச்சுன்னாவது தெரிஞ்சுச்சு. எட்டு முட்டை எடுத்தாங்க, அஞ்சு கரு ஆச்சு, மூணாம் நாளோட நாலு நின்னுபோச்சு. அதுக்கு முன்னாடி ஏழு வருஷம் எதுவுமே தெரியாமத்தான இருந்தேன்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஏழு வருஷம்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

மாட்டுப் பொங்கலன்று காலை ஸ்கேனில் 19. அன்று ராத்திரி பத்து மணிக்கு முட்டையை வெடிக்க வைக்கும் ஊசி. இன்று காலை பத்து மணிக்கு, முப்பத்தாறு மணி நேரம் கழித்து, ஐயூஐ, அதாவது விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது. மூன்றாவது தடவை. பொங்கல் விடுமுறையிலேயே எல்லாம் முடிந்தது, பள்ளியில் யாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவருடைய விந்தணுக் கணக்கு மில்லிக்கு 2 கோடியே 40 லட்சம். குறைந்தபட்சம் 1 கோடியே 60 லட்சம் இருந்தால் போதும் என்கிறார்கள். ஓட்டம் மட்டும் கொஞ்சம் மந்தம். அந்த ரிப்போர்ட்டுக்குப் போக நாலு மாதம் தள்ளிப்போட்டவர், இப்போது காலையில் எனக்கு முன்னால் எழுந்து வெந்நீர் வைக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒரு ஸ்பூன் நெய் கொடுத்தார். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் மந்திரித்துத் தரும் நெய். 48 நாள் புருஷன் பெண்டாட்டி இருவரும் சாப்பிட வேண்டும். சென்ற மாதம் பாபநாசம் வரை தனியாகப் போய் வாங்கி வந்திருக்கிறார், முழங்கால் வலியோடு. நான் சாமியிடம் அதிகம் கேட்கிறவள் இல்லை. நெய்யை மட்டும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அதில் இருப்பது அவருடைய முழங்கால்.

ஜனவரி 24, வெள்ளி

பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருப்புதல். இன்று இனப்பெருக்க நலன் பாடம். சோதனைக் குழாய்க் குழந்தை பகுதிக்கு வந்ததும் தொண்டை கொஞ்சம் வறண்டது. பத்தாண்டாக எடுக்கும் பாடம். முட்டை, விந்தணு, வெளியே கருவுறுதல், திரும்ப உள்ளே வைத்தல் என்று நாலு வரியில் தாண்டிப் போய்விடுவேன்.

கடைசிப் பெஞ்சுப் பெண் எழுந்து, "மிஸ், வெளிய இருக்கிற அந்த மூணு நாலு நாள் கருவை யார் பார்த்துக்குவாங்க?" என்று கேட்டாள்.

37 டிகிரி வெப்பத்தில் இன்குபேட்டரில் இருக்கும், எம்பிரியாலஜிஸ்ட் நுண்ணோக்கியில் பார்ப்பார், மூன்றாம் நாள் எட்டு செல் அளவில், ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்று சொன்னேன். "அப்ப தனியா இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நான் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

இல்லை.

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது லேபிலிருந்து அழைப்பு. 1.2. ஐந்துக்குக் கீழே என்றால் இல்லை என்று அர்த்தம். மீதி இருந்த பதினேழு நோட்டிலும் கையெழுத்துப் போட்டு முடித்தேன்.

"அரச மரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் எவரும் பதினாலு நாள் காத்திருந்திருக்க மாட்டார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று விலக்கானேன். இன்று இவரும் கூடவே மதுரைக்கு வந்தார். டாக்டர் மூன்று வழி சொன்னார். மாத்திரையையே தொடர்வது. மாத்திரைக்குப் பதில் ஹார்மோன் ஊசி போட்டு ஐயூஐ செய்வது, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டை வளர்ந்து இரட்டை, மூன்று என்று தங்கிவிடும் ஆபத்து உண்டு. இல்லையென்றால் ஐவிஎஃப்.

"மாத்திரை வேலை செய்யலையா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"செஞ்சிருச்சே. முட்டையை வளர்த்து வெடிக்க வைக்கிறதுதான் அதோட வேலை. ஆறு மாசமும் அதைச் சரியாச் செஞ்சிருக்கு. அதுக்கு அப்புறம் குழாய்க்குள்ள முட்டையும் அணுவும் சேருதா, சேர்ந்தது வளருதா, எனக்குத் தெரியாது. ஸ்கேன்ல தெரியாது. ஏழாவது மாசம் குடுத்தாலும் அந்த இடம் இருட்டுதான்."

2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றையும் சொன்னார். என்னைப்போல பிசிஓஎஸ் உள்ள 750 பெண்கள், அதிகபட்சம் ஐந்து சுழற்சி. குளோமிஃபின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குக் குழந்தை பிறந்தது, லெட்ரசோல் எடுத்தவர்களில் 27 பேருக்குச் சற்று மேல். நல்ல மருந்துதான். மீதி எழுபது பேரைத் தாண்டிய கூட்டத்தில் நான் நிற்கிறேன்.

இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே, சட்டமே ஐம்பது வயது வரை விடுகிறதே என்று அம்மா சொன்னதையும் கேட்டேன். "2021 சட்டத்துல அம்பதுதான். உங்க முட்டைக்கு முப்பத்தஞ்சுக்கு மேல ஒவ்வொரு வருஷமும் கணக்கு மாறும்" என்றார். ஜூனில் எனக்கு முப்பத்தைந்து.

ஐவிஎஃப்பில் எவ்வளவு நிச்சயம் என்றதற்கு, நல்ல கரு ஒன்றை வைத்தால் பத்தில் நாலு தடவை என்றார். வெளியே வந்து ஏறிய பஸ்ஸின் பின்கண்ணாடியில் கொழுகொழு குழந்தை படம் போட்ட விளம்பரம் ஒட்டியிருந்தது. பத்தில் நாலு என்று முகத்தைப் பார்த்துச் சொன்னவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஏழாவது அட்டையையும் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார். இன்று ராத்திரி ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்காமலும் இருக்கலாம், உங்கள் முடிவு என்றார்.

ஆரம்பிக்கவில்லை. அட்டை பீரோவில், சேலைக்கு அடியில் இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

தூக்கம் வரவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று உட்கார்ந்தேன்.

மாத்திரை சிறியது, அதனால் ஆசையும் சிறியதாக இருந்துவிடுகிறது. ஒரு மாதம் போனால் அடுத்த மாதம் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் தோற்று, யாருக்கும் தெரியாமல் மறுபடி தொடங்கலாம். ஐவிஎஃப் அப்படி இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் தினம் ஊசி, மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, லட்சக் கணக்கில் பணம். அதற்குப் பிறகு இல்லை என்று சொன்னால், அந்த இல்லையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஏழாவது அட்டையை எடுக்கச் சொல்லி மனசு கெஞ்சுவது, அதன்மேல் உள்ள நம்பிக்கையால் இல்லை. பதிலைத் தள்ளிப்போட அது உதவும், அவ்வளவுதான். இதை எழுதி முடித்ததும் அழுகை வந்தது. இவர் விழித்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் விளக்கை அணைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 8, சனி

தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக் கூட்டம் நேற்றிலிருந்து சாலையை நிறைத்துப் போகிறது. வருஷா வருஷம் போல வாசலில் மோர்ப் பானை வைத்தோம். பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் காவடி, காலில் துணி சுற்றியவர்கள். கைக்குழந்தையைத் தூளியில் போட்டுக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். வேண்டிக்கொண்டு பிறந்ததாம். அத்தை அந்தக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கூட்டம் குறைந்த பிறகு படியில் உட்கார்ந்து இவர்தான் பேச்சை எடுத்தார். கணக்கு எழுதி வைத்திருந்தார். ஆறு மாதத்தில் ஸ்கேன், ஊசி, ஐயூஐ, பஸ் எல்லாம் சேர்த்து 83,400. ஐவிஎஃப்புக்கு ஊசியோடு எங்களுக்குச் சொன்னது இரண்டு லட்சத்து இருபதாயிரம். ஏலச் சீட்டு எடுத்தால் ஒன்றரை வரும். மீதிக்கு என் ஆரத்தை வங்கியில் வைக்கலாம்.

"பணம் புரட்டிடலாம். உன்னைத்தான் நினைக்கிறேன். குறை ஓட்டத்துல இருக்கிறது என்கிட்ட, ஊசி உனக்கு. அது எனக்கு ஞாயமாத் தெரியல" என்றார்.

எட்டு வருஷத்தில் இவர் அதை வாய்விட்டுச் சொன்னது இன்றுதான். என்னிடமும் குறை இருக்கிறது, யாருடையது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டாம் என்றேன். எனக்குக் குழந்தை வேண்டும், அதைவிடவும் அந்த இருட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றேன்.

உள்ளே அத்தைக்குக் காது கேட்டுவிட்டது. மோர்ப் பானையைக் கழுவிக்கொண்டே, "பாத்துரு தாயி. சும்மா சும்மா மாசாமாசம் நீ குமையிறதை எனக்குப் பாக்க முடியல" என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எனக்குப் பிசிஓஎஸ் என்பதால் முட்டைகள் நிறைய வளரும், வயிற்றில் நீர் கோத்து ஆபத்தாகலாம், அதனால் கருவை உடனே வைக்காமல் உறைய வைத்து, உடம்பு தேறிய பிறகு வைப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உறைய வைப்பது என்ற சொல் என்னவோ செய்தது. இன்று அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரௌன் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25. பத்து வாரத்தில், அக்டோபர் 3-ல், கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். அவளைக் கொண்டுவந்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், ஹார்மோன் ஊசியால் முட்டைகளை வளர்த்து, கருவை உறைய வைத்து, பின்னொரு மாதத்தில் தாயின் கருப்பையில் வைத்தார். எனக்குச் செய்யப்போவது அதே வழிதான். மாநில அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-ல் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்ற விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல் பெருமை அவருக்கே உரியது என்று 1997-ல் எழுதினார்.

பாடப் புத்தகத்தில் எனக்கு நாலு வரியாக இருந்தது ஒரு மனிதனின் உயிர். அடுத்த வருஷம் அந்தப் பாடம் எடுக்கும்போது அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவேன்.

பிப்ரவரி 15, சனி

முடிவு செய்துவிட்டோம். மார்ச் 3-ல் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்குகிறது. என் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஏப்ரலில் விலக்கான இரண்டாம் நாள் மதுரைக்குப் போக வேண்டும். ஒரே ஒரு தடவை முட்டை எடுப்பது. அதில் எத்தனை கரு கிடைக்கிறதோ அத்தனையையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது. அதற்கு மேல் கடன் வாங்குவதில்லை. அதற்கு அப்புறம் என்ன என்று அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

சாயங்காலம் பீரோவிலிருந்து ஏழாவது அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு மெடிக்கலுக்குப் போனேன். இங்கே வாங்கியது இல்லை, திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரியும். விசாரிக்க வேண்டிய விஷயம் வேறு.

"அண்ணே, ஏப்ரல்ல எனக்குக் குழந்தைக்காகத் தினமும் ஊசி போடணும், பத்துப் பன்னெண்டு நாள். ஃப்ரிட்ஜில வைக்கிற ஊசி. இங்க கரண்ட் போனா என் வீட்டுல தாங்காது. உங்க கடையில வச்சுக்கலாமா?"

நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார். அண்ணன் கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜைத் திறந்து, இன்சுலின் பெட்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"மேல்தட்டு போதுமா மிஸ்?" என்றார். "ராத்திரி எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லிருங்க. கடையச் சாத்தாம வச்சிருக்கேன்."