ஐம்பது வாட்டும் அப்பாவின் காதும்

கார் ஸ்டீரியோ பொட்டி மேல "50 வாட் × 4" அப்படின்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. அதை நம்பி சந்தோஷப்படாதீங்க மக்களே. கணக்கு ரொம்ப சுலபம். வண்டி ஓடும்போது பேட்டரியில கிடைக்கிறது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ 14.4ஆல பெருக்கி 4ஆல வகுத்தா 51.8. அந்த ஐம்பது இங்கேர்ந்துதான் வருது. ஆனா அது தலை வெட்டுப்பட்டு சதுரமாகிப் போன அலைக்கான கணக்கு. ஒழுங்கான அலைக்கு அதுல பாதிதான். சிப்புல போற நஷ்டத்தையும் கழிச்சா ஒரு சேனலுக்கு 18, 20 வாட் தேறும். அதுக்கு மேல வால்யூமைத் திருகினா சத்தம் கூடாது, கரகரப்புதான் கூடும்.

தனி ஆம்ப்ளிஃபையர் இங்கேதான் உதவுது. அதுக்குள்ள ஒரு குட்டி பவர் சப்ளை இருக்கு. 12 வோல்ட்டை உள்ளே வாங்கி இன்னும் பெரிய வோல்டேஜா மாத்திக்கும். அதனால அலையோட தலை இடிக்காது.

என்னுடையது சின்ன ஹேட்ச்பேக். மயூர் விஹார்லேர்ந்து குர்காவ் போய் ஆணி புடுங்கிட்டுத் திரும்ப தினமும் மூணு மணிநேரம் ரோட்டுல. (2016ல குருகிராம்னு பேரை மாத்திட்டாங்க, நாக்குதான் இன்னும் மாறலை.) எனக்கு அந்த 20 வாட்டே தாராளம். அப்பா கோயமுத்தூர்லேர்ந்து வந்து எங்களோட தங்க ஆரம்பிச்ச பிறகுதான் பிரச்சினை.

அப்பா ஸ்பின்னிங் மில்லுல முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல்ல நின்னவங்களுக்கு முதல்ல அடிபடறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி. ஸ, ச, த மாதிரி எழுத்தெல்லாம் தெளிவா விழறதுக்கு அந்த மேல்பக்கம் ரொம்ப முக்கியம். அதனால அவருக்கு மெட்டு கேக்கும், வார்த்தை கேக்காது. வாங்கிக் கொடுத்த காது மெஷின் அலமாரியில பத்திரமா தூங்குது. "அதை மாட்டுனா கெழவனாட்ட இருக்குது கண்ணு"ங்கறார். வயசு 71 :-)

கார்ல போகும்போது "இன்னுங் கொஞ்சம் சேத்தி வை கண்ணு"ம்பார். வைப்பேன். கரகரக்கும். பின் சீட்டுல தங்கமணியும் பையனும் காதைப் பொத்துவாங்க. அதைப் பார்த்துட்டு "போதும் போதும், நல்லாக் கேக்குது"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி யமுனையைப் பார்க்க ஆரம்பிச்சுடுவார். கேக்கலைன்னு வண்டிக்குள்ள எல்லாருக்கும் தெரியும்.

ஆக எனக்கு வேண்டியது டம் டம்னு அதிர்ற சத்தம் இல்லை. கொஞ்சம் கூட்டி வச்சாலும் உடையாத சத்தம். பவரை இரண்டு மடங்கு ஆக்கினா வெறும் 3 டெசிபல்தான் ஏறும். 20லேர்ந்து உண்மையான 50 வாட்டுக்குப் போனா 4 டெசிபல். கேக்க அல்பமா இருக்கும். ஆனா கரகரப்பு சேர்ந்தா எழுத்தெல்லாம் குழம்பிப் போகும், அது போனாலே பாதி வேலை முடிஞ்சுது.

கரோல் பாக் கார் ஆக்சசரி மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் முதல்ல சொன்னது, "டெக்கையே தூக்கிப் போடுங்க சார்ஜி, ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் போட்டுத் தர்றேன்." முடியாது. ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் இதோட கோர்த்திருக்கு. வாரண்டி இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஒரிஜினல் ஒயரை வெட்டினா எலெக்ட்ரிகல் வாரண்டி போச்சுன்னு சர்வீஸ் சென்டர்ல முன்னாடியே சொல்லிட்டாங்க. அதனால என் முதல் கண்டிஷன்: ஒரு ஒயரைக்கூட வெட்டக்கூடாது. அதுக்குன்னே கப்ளர் வச்ச ஒயரிங் கிடைக்குது. டெக்குக்கும் கம்பெனி ஒயருக்கும் நடுவுல சொருகினா ஸ்பீக்கர் சிக்னலை அதிலேர்ந்து எடுத்துக்கலாம். வேண்டாம்னா உருவிடலாம், பழைய நிலைமை திரும்பிடும்.

கம்பெனி டெக்குல ஆர்சிஏ பின் இல்லையேன்னு கவலை வேண்டாம். ஸ்பீக்கர் ஒயரையே நேரா வாங்கிக்கிற "ஹை லெவல் இன்புட்" உள்ள ஆம்ப்பா பார்த்து வாங்குங்க. டெக் ஆன் ஆனதும் அந்த ஒயர்ல சுமார் 6 வோல்ட் நிக்கும், அதைப் பார்த்துத் தானா முழிச்சுக்கிற ஆம்ப்பும் இருக்கு.

அடுத்தது ஃப்யூஸ். இதுக்குத்தான் பெரிய வாக்குவாதம். பேட்டரியிலேர்ந்து தடிமனான பவர் ஒயர் எஞ்சின் ரூமைத் தாண்டி சீட்டுக்கு அடியில இருக்கிற ஆம்ப்புக்கு வரணும். ஃப்யூஸை ஆம்ப் பக்கத்துல வைக்கிறேங்கறார் மிஸ்திரி, மாத்த சுலபமாம். ஃப்யூஸ் ஆம்ப்பைக் காப்பாத்த இல்லீங்க, ஒயரைக் காப்பாத்த. நடுவுல எங்கேயாவது தகட்டுல உரசி ஒயர் தோல் உரிஞ்சா, பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயர்ல கொட்டும். ஒயரே ஹீட்டர் ஆயிடும். ஃப்யூஸ் அந்தக் கடைசியில இருந்தா அதுக்கு விஷயமே தெரியாது. பேட்டரியிலேர்ந்து ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும். உள்ளே உக்காரப் போறது என் அப்பாவும் பையனும். வைக்கிற வரைக்கும் நகரமாட்டேன்னு பானெட் பக்கத்துலயே நின்னேன். "மதராசி சார் ரொம்ப ஜித்தி"ன்னார். பரவாயில்லை.

தகட்டு ஓட்டைக்கு ரப்பர் வாஷர், எர்த் ஒயருக்கு பெயின்ட் சுரண்டின பாடி, செம்பு முலாம் பூசின அலுமினியம் இல்லாம நிஜ செம்பு ஒயர் (நுனியைச் சுரண்டினா வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம்). கூடவே முன் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாத்தினேன், பழைய பேப்பர் கோன் தாங்காது.

கெயின் திருகாணியை வால்யூம்னு நினைச்சு முழுசா திருகறதுதான் கடைகள்ல வழக்கம். 50ஐ 4ஆல பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 14.1. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, டெக் வால்யூமை முக்காலில் வச்சு, 1000 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, மல்டிமீட்டர் 14.1 வோல்ட் காட்டற இடத்துல கெயினை நிறுத்தினேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டியாச்சு. பேஸ் கொஞ்சம் போகும். ராஜா ரசிகனான எனக்கு அது வருத்தம்தான். ஆனா ஸ்பீக்கர் அந்த பாரமில்லாம குரலை ஒழுங்கா சொல்லுது.

ஞாயித்துக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திருக்குக் கிளம்பினோம். வழக்கத்தைவிடக் கூடத்தான் வச்சிருந்தேன், பின் சீட்டுல யாரும் காதைப் பொத்தலை. பையனோட லிஸ்ட்லேர்ந்து ஏதோ புதுப் பாட்டு. அப்பா கொஞ்ச நேரம் கேட்டுட்டு முகம் சுளிச்சார்.

"என்ன கண்ணு, இப்படியெல்லாமா எழுதறானுங்க? இது கேக்காமயே இருந்திருக்கலாம்."

தங்கமணி கண்ணாடியில என்னைப் பார்த்து சிரிச்சாங்க.

டிஸ்கி: ஆம்ப்பை இன்சூரன்ஸ் பாலிசியில தனி எலெக்ட்ரிகல் ஆக்சசரியா சொல்லிச் சேர்த்துடுங்க, பில்லைப் பத்திரமா வையுங்க. காது மெஷின் இன்னும் அலமாரியிலதான் இருக்கு.