‘ப’ வடிவத் தாங்கி

ஜூன் 4

மூன்றாவது தாங்கியும் கழிவு டப்பாவுக்குப் போய்விட்டது.

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அளவில் செய்து வருகிறேன். அசல் ஓடுவது மீட்டர் பாதையில். என்னுடையது 127 மி.மீ. பாதையில் ஓடும். சக்கரங்களும் சிலிண்டர்களும் முடிந்துவிட்டன. எண்ணெய் பம்பின் நெம்புகோலைத் தாங்கும் பித்தளைத் துண்டு மட்டும் ஒரு வாரமாகப் படியவில்லை. 1.5 மி.மீ. தகட்டை ‘ப’ எழுத்துப் போல மடிக்க வேண்டும். வெளி அளவில் நடுப்பகுதி 32 மி.மீ., கால்கள் தலா 20.

முதல் தடவை மூன்றையும் கூட்டி 72 வெட்டினேன். ஒரு கால் ஐந்து மி.மீ.க்கு மேல் நீண்டுவிட்டது. அடுத்து உள் அளவுகளைக் கூட்டி 66 வெட்டினேன். கடைசிக் கால் அரை மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகக் குட்டை. இன்றைக்கு நீளம் பற்றிப் பேசவே வழியில்லை. மடிப்பின் முதுகில் மயிரிழை போல விரிசல்.

ஜூன் 6

விரிசல் விழுந்த துண்டை கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, கோடு எந்தப் பக்கம் போட்டீங்க?”

“வெளிப்பக்கம்தான்ணா. ஸ்கிரைபர்ல.”

“அங்கதானுங்க கிழிஞ்சிருக்குது. மடிக்கறப்ப இழுபடற பக்கத்துல கீறி வெச்சா விடுமா? வெளிய பென்சில்ல போடுங்க.”

தகட்டின் மேல் ஓடும் மெல்லிய வரிகளையும் காட்டினார். உருளையில் தகடு இழுபட்ட திசை அது. மடிப்புக் கோடு அந்த வரிகளுக்குக் குறுக்கே விழ வேண்டும். இணையாக விழுந்தால் எளிதில் பிளக்கும். மிச்சத் தகட்டை வீணாக்கக் கூடாது என்று நான் வெட்டியது இணையாகத்தான்.

வீட்டுக்கு வந்து, விளக்கை அணைத்துவிட்டு, புதுத் துண்டை இளக்குவதற்காக டார்ச் சுடரில் காய்ச்சினேன். இருட்டில்தான் அந்த மங்கல் சிவப்பு கண்ணுக்குத் தெரியும். வெளிச்சத்தில் செய்தால் அளவுக்கு மீறிப் போய்விடும்.

ஜூன் 8

அதே தகட்டில் சரியாக 50 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ‘ட’ போல மடித்தேன். வைஸில் வைத்த மடிப்புக் கம்பியின் விளிம்பை 1.5 மி.மீ. ஆரத்துக்கு அரத்தால் உருட்டியிருந்தேன். இரண்டு கைகளையும் வெளிப்புறமாக வெர்னியரில் அளந்து கூட்டினால் 52.7. ஆக, இந்தத் தகட்டில், இந்த ஆரத்தில், ஒரு மடிப்புக்கு 2.7 கழிக்க வேண்டும்.

மடிப்பின் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது. நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு தகட்டின் நட்ட நடுவில் இல்லை. உட்பக்கமாகச் சற்று ஒதுங்கிவிடுகிறது. தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எங்கும் இருக்கலாம், உலோகத்தையும் ஆரத்தையும் பொறுத்து. அட்டவணை பார்ப்பதைவிட ஒரு பட்டையை மடித்துப் பார்ப்பதையே இனி நம்புவேன். 72இல் 5.4 போக, 66.6.

ஜூன் 9

கணக்கு சரியாக வந்த பிறகும் தூக்கம் வரவில்லை. இரண்டு மடிப்பிலும் ஆளுக்குக் கொஞ்சம் பிழை சேர்ந்தால் நடு அகலம் போய்விடும். அந்த அகலத்துக்குள்தான் நெம்புகோல் ஆட வேண்டும். கால்கள் நீண்டால் அரம் போட்டுக் குறைக்கலாம். நடு அகலத்துக்கு அரம் எட்டாது. அப்படியானால் அந்த அளவை ஏன் கணக்கிடம் விட வேண்டும்?

காலையில் ஓர் இரும்புக் கட்டையை மேல்பக்கம் 29.0 மி.மீ. அகலமாகச் செய்தேன். அதுதான் தாங்கியின் உள் அகலம். மேல் விளிம்புகளுக்கு அதே 1.5 ஆரம். பக்கங்கள் இரண்டையும் கீழே போகப்போக மூன்று டிகிரி உள்ளே சாய்த்தேன், ஏனென்றால் மடித்துக் கையை எடுத்ததும் தகடு கொஞ்சம் திரும்பி எழுந்துகொள்ளும். தகட்டை இரு முனையிலும் ஒவ்வொரு மி.மீ. கூட்டியே வெட்டிக்கொண்டேன்.

ஜூன் 11

தகட்டைக் கட்டையின் தலைமேல் வைத்து, மேலே ஓர் இரும்புப் பட்டை போட்டு, சி கிளாம்பால் இறுக்கினேன். சுத்தியலைத் தகட்டின் மேல் நேரடியாகப் போடவில்லை. தேக்குத் துண்டு ஒன்றை மடிப்பை ஒட்டி வைத்து, அதன்மேல் தட்டினேன். காலின் நுனியில் தட்டினால் கால் வில்லாக வளைகிறது. மடிப்பு மடிப்பாக விழுவதில்லை. கிளாம்பை அவிழ்த்தபோது கால்கள் மெல்ல விரிந்தன. மூலைமட்டத்தை வைத்தேன். இடைவெளியில் வெளிச்சம் தெரியவில்லை. உள் அகலம் 29.0. அதற்கப்புறம் கால்களை 20க்கு அராவினேன்.

நெம்புகோலின் ஊசிக்கான துளைகளை முன்பே போட்டிருந்தால் மடிப்பில் இழுபட்டிருக்கும். சாய்வில்லாத இன்னொரு 29 மி.மீ. கட்டையை உள்ளே செருகி, இரண்டு கால்களையும் ஒரே ஓட்டத்தில் 3.9க்குத் துளைத்து, ரீமரால் 4க்குக் கொண்டுவந்தேன்.

ஜூன் 12

அடுப்படி ஓவனில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானே பிளந்தன. குதிரைச் சிறுநீரின் அமோனியாவும் உலோகத்துக்குள் தங்கிய இழுவிசையும் சேர்ந்த வேலை அது என்று 1921இல் விளக்கினார்கள். மடித்த தகட்டிலும் அந்த இழுவிசை தங்குகிறது. அதைத் தளர்த்தத்தான் இந்தச் சூடு. இத்தனை பாடுபட்டது பத்து வருஷம் கழித்துப் பிளப்பதற்கு அல்ல.

ஆறியபின் மறுபடி அளந்தேன், மாற்றமில்லை. ஊசியை மேல் துளையில் விட்டேன். கை வைக்காமலே கீழ்த்துளை வழியாக இறங்கி மேசையில் விழுந்தது.

இடப்பக்கத் தாங்கி நாளைக்கு. கட்டைக்கு எண்ணெய் தடவி வைத்தாயிற்று.