கும்பகோணம் பஸ்ஸில் வந்திருக்கலாம்

சென்னையில் நள்ளிரவில் வந்து இறங்குகிற பண்ருட்டிக்காரனுக்குக் கும்பகோணம் பஸ் இருக்கிறது. திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் என்று போகிற தடம் அது. விடிய விடிய வண்டி ஓடும். பண்ருட்டியில் இறங்கினால் திருவதிகை கூப்பிடு தூரம், ஷேர் ஆட்டோவில் வந்துவிடலாம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் குவைத்திலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் வாடகைக் கார் பேசி, அம்மாவையும் அக்காவையும் அக்கா பிள்ளைகளையும் சென்னைக்கே வரவழைத்தேன். போக சுமார் 170 கிலோமீட்டர், வர அதே 170, அதுவும் ராத்திரியில்.

பெட்டி கனம், பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று காரணம் சொல்வேன். சுத்தப் பொய். அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மார்க்கர் பேனாவில் பெயரையும் 'பண்ருட்டி' என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதி, பஸ் டிக்கியில் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கி வந்து சேர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். எனக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கார் தெருவுக்குள் நுழைய வேண்டும், கதவைத் திறந்து நான் இறங்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். குவைத் போவதற்கு முன்னால் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வயரிங் வேலை பார்த்தேன். பெரியப்பா மகன் அங்கேயே பெர்மனன்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம். ஒரே கேட் வழியாகத்தான் இரண்டு பேரும் வேலைக்கு நுழைவோம். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் அவனுக்கு நாற்காலி வரும். எனக்குச் சாம்பார் வாளி வரும். குவைத்தில் சம்பளம் ஏறியது, வாழ்க்கை அப்படியேதான் இருந்தது. எட்டுப் பேருக்கு ஓர் அறை, அடுக்குக் கட்டில். ஊர் கண்ணுக்கு நான் பெரிய ஆளாகத் தெரிவது காரை விட்டு இறங்குகிற அந்த ஐந்து நிமிடம் மட்டுமே. அந்த ஐந்து நிமிடத்துக்கு அடுத்தவர் தூக்கத்தை எடுத்துச் செலவழித்தேன்.

2018 மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன்.

குவைத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு விமானம் ஏறினால் பயணம் ஐந்து மணி நேரம். நம் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆக, சென்னையில் சக்கரம் தரையைத் தொடும்போது ராத்திரி ஒன்றரை. வளைகுடா விமானங்கள் பலவும் இப்படி நடுநிசிக்கும் விடியலுக்கும் நடுவில்தான் வந்து இறங்கும். ஊர் உறங்குகிற அந்த நேரத்தில் மீனம்பாக்கத்தில் திருவிழாக் கூட்டம். இமிகிரேஷன் வரிசை, பெட்டி வருகிற பெல்ட், கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி வெளியே வர மூன்று மணி ஆகிவிடும். விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் 2016 செப்டம்பரிலேயே வந்துவிட்டது, ஆனால் அது ராத்திரியோடு நின்றுவிடும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயிலும் நடுராத்திரியில் ஓய்ந்து, நாலு மணி வாக்கில்தான் மறுபடி தொடங்கும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் அப்போது கிடையாது, அது திறந்தது 2023 டிசம்பர் 30 அன்று. அன்றைக்கு எங்கள் ஊர் பஸ்ஸெல்லாம் கோயம்பேட்டிலிருந்து கிளம்பி வரும். விவரம் தெரிந்தவர்கள் ப்ரீபெய்டு டாக்ஸி பிடித்துப் பெருங்களத்தூர் போய் ரோட்டோரம் நிற்பார்கள். டாக்ஸிக்குக் கொடுக்க மனசில்லாதவர்கள் நாலு மணி வரை நாற்காலியில் சாய்ந்திருந்துவிட்டு முதல் ரயிலைப் பிடித்து அதே பெருங்களத்தூருக்குப் போவார்கள். எப்படிப் பார்த்தாலும் காலை ஒன்பது மணிக்குள் பண்ருட்டி.

எங்களுக்கு இன்னும் கிட்டத்திலேயே நெய்வேலியில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. 2017இல் உடான் விமான சேவைத் திட்டப் பட்டியலில் நெய்வேலி பெயர் வந்தபோது, இனி இங்கேயே வந்து இறங்கலாம் என்று டீக்கடை டீக்கடையாகப் பேச்சு. அதை நம்பி இருந்தால் நான் இன்னும் குவைத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த ஊர் எங்கள் ஊர். தள்ளாத வயதில் கயிலைக்கு நடந்து, நடக்க முடியாதபோது தவழ்ந்து, உருண்டு போனவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த ஊர்க்காரனுக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வருவது கேவலமாகப் பட்டது.

வண்டி ஓட்டி வந்தவர் பக்கத்துத் தெரு அண்ணன். பெயர் வேண்டாம். காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். கூப்பிட்டால் வாடகைக் கார்களுக்கு ஆக்டிங் டிரைவராகப் போவார். கார் வேறொருவருடையது. அன்றைக்கு விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து வேன் எடுத்திருக்கிறார். பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் ஏதோ கல்யாணச் சாமான் சவாரி, சாயங்காலம் மறுபடி வேன். ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிவிட்டார். நடுநிசிக்கு வந்து சேர்ந்தவர், போலீஸ்காரர் விரட்ட விரட்ட வண்டியை நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்ததில் கண்ணை மூடவே இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961இல் போட்ட ஒன்று அப்போது இருந்தது, டிரைவருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று. அந்தச் சட்டம் ஐந்து பேராவது வேலை பார்க்கிற நிறுவனங்களுக்கு. பக்கத்துத் தெரு அண்ணனுக்கு எந்தச் சட்டம்?

அம்மா போனிலேயே சொல்லியிருந்தாள். “நாங்கள்லாம் எதுக்குப்பா? நீ பேசாம கும்பகோணம் பஸ்ல ஏறி வந்துடு. நான் சுடுதண்ணி போட்டு வைக்கிறேன்.” நான்தான் விடவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். பரனூர் சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் பின்சீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மதுராந்தகம் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டினார். பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்து, துண்டால் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“தம்பி, ஒரு அரை மணி நேரம் கண்ணசந்துட்டுப் போலாமா? இமை ஒட்டுது.”

அப்போது மணி நாலு. நான் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். மார்கழி மாதம், எங்கள் தெருவில் ஐந்து மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஆறு, ஆறேகால் வரை ஒரு வீடு பாக்கியில்லாமல் பெண்கள் வாசலில்தான். சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைத்துவிட்டு, யார் வீட்டுக் கோலம் பெரிசு என்று பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம். அந்த நேரத்துக்குக் கார் நுழைந்தால் மொத்தத் தெருவும் பார்க்கும். அரை மணி பிந்தினால் எல்லாரும் அடுப்படிக்குப் போயிருப்பார்கள். போதாததற்கு விக்கிரவாண்டியில் தஞ்சாவூர் ரோட்டுக்குத் திரும்பினால் நாலுவழிச் சாலைக்கென்று தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கே வேறு நேரம் போகும்.

“என்னண்ணே, இன்னும் ரெண்டு மணி நேரந்தானே? ஸ்ட்ராங்கா ஒரு டீயப் போடுங்க, போயிடலாம். அம்மாவுக்கு உக்காந்து உக்காந்து கால் வீங்கிக் கிடக்கு.”

அம்மா காலில் எந்த வீக்கமும் இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்தார், வண்டியை எடுத்தார்.

ஒலக்கூர் தாண்டி, திண்டிவனத்துக்கு முன்னால். நடுத்திட்டில் அரளிச் செடி வைத்திருப்பார்களே, அதற்குள் கார் ஏறிவிட்டது. பிரேக் சத்தம்கூட இல்லை. டயர் வெடித்த சத்தம், பிறகு அரளிக் கிளைகள் கண்ணாடியில் சரசரவென்று அறைந்த சத்தம். வண்டி நின்றபோது பானெட் முழுக்க ரோஸ் நிறப் பூ. எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச் சேராதது அதிர்ஷ்டம் என்றார் வந்து பார்த்த லாரிக்காரர். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. கண் நாலு வினாடி மூடினால் நூறு மீட்டருக்கு வண்டியில் டிரைவரே இல்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. 108 வந்து, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, வேறு வண்டி பிடித்து வீடு வந்து சேரப் பதினொரு மணி. தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

இதுவரை சொன்னதை அறிவுகெட்டத்தனம் என்று நீங்கள் மன்னித்துவிடலாம். அடுத்து செய்தது வேறு ரகம்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு நேராகவே கேட்டார்: “தூக்கம் வருதுன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லலியா?”

“இல்ல மாமா” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை அது, தானாக வந்தது. டீக்கடையில் அவர் கேட்டதும் நான் மறுத்ததும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும், மற்றவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். அவர் வாயைத் திறந்திருந்தால் நான் மாட்டியிருப்பேன். திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா காலடியில் உட்கார்ந்து “என் தப்புதாம்மா” என்று அழுதார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரின் சொந்தக்காரர் ரிப்பேர்ச் செலவை அவர் தலையில் கட்டினார். தவணையாகக் கழித்தார்கள். ஒரு வாரத்துக்குள் தெருவில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியது: அவன் குடித்திருந்தானாம். யார் ஆரம்பித்தது தெரியாது. என் காதுபடவே பேசினார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால், பிறகு ஏன் அப்படி ஆனது என்று கேட்பார்களே. பள்ளிக்கூட வேன் வேலையும் அவர் கையை விட்டுப் போயிற்று. குடிக்கிற டிரைவரிடம் பிள்ளையை யார் அனுப்புவார்கள்?

ஆஸ்திரேலியாவில் 1997இல் ஓர் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 24 மணி நேரம் தூங்காதவனின் கையும் கண்ணும், ரத்தத்தில் நூறு மில்லிக்கு 100 மில்லிகிராம் சாராயம் ஏறியவன் அளவுக்குத் தடுமாறுமாம். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு. அன்று அவர் விழித்திருந்தது ஏறக்குறைய 23 மணி நேரம். ஊர் சொன்னது உடம்புக் கணக்கில் பெரிய பொய்யில்லை. ஊற்றிக் கொடுத்தவன் யார் என்பதைத்தான் ஊர் கேட்கவில்லை.

நான் இப்போது பஸ்ஸில்தான் வருகிறேன். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு ஒரு டாக்ஸி, அங்கிருந்து கும்பகோணம் வண்டி. ஜன்னலோர சீட்டில் திண்டிவனம் வரும்வரைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பஸ்ஸுக்கு மாறியதைத் திருந்திய லட்சணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கார் என்றால் யாரையாவது ஓட்டக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அந்தப் பேச்சு திரும்ப எழும், அந்தப் பயம்தான்.

அவர் பண்ருட்டி நாலுமுனைச் சந்திப்பில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன விடுப்பில் அவர் ஆட்டோவில் ஏறும்படி ஆயிற்று. “எப்ப தம்பி வந்தீங்க? பஸ்லயா?” என்று கேட்டார், குத்தல் எதுவும் இல்லாமல். அம்மா கை எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். குளிர் காலத்தில் வலிக்கிறது என்றேன். இறங்கியபோது கூடுதலாக நீட்டிய நோட்டை வாங்காமல் கணக்காகச் சில்லறை கொடுத்தார். சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. இது அச்சில் வந்தால் அக்கா படிப்பாள், அவள் வழியாக எல்லாருக்கும் போகும் என்ற கோழைத்தனமான ஏற்பாடுதான் இந்தக் கட்டுரை.

திருவதிகை, பண்ருட்டிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். அந்த மார்கழி விபத்தைப் பற்றி டீக்கடையில் இன்னும் பேச்சு வரும். வரும்போது திருத்திச் சொல்லுங்கள்: அந்த டிரைவர் குடிக்கவில்லை. தூக்கம் வருகிறது, அரை மணி நேரம் கொடு என்று கேட்டார். காரில் வந்தவன்தான் கொடுக்கவில்லை.